விழிஞம் கடலில் நிற்கும் அலை மின்நிலையம்: பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை ஒட்டி இருக்கிறது விழிஞம். அங்குள்ள பழைய மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புக்கு வெளியே, கடலுக்குள் ஒரு கான்கிரீட் கட்டடம் தனியாக நிற்கிறது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பலமுறை போய் அதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அங்கே போக நினைக்கும் நண்பர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அது கலங்கரை விளக்கமா, பழைய கோட்டையா?

இரண்டும் இல்லை. கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்க இந்தியா கட்டிய முதல் நிலையம் அது. 1991-ல் ஓடத் தொடங்கியது, 2011-ல் கைவிடப்பட்டது. கலங்கரை விளக்கம் கோவளம் பக்கத்துப் பாறை மேல் சிவப்பு வெள்ளைப் பட்டையோடு தனியாக நிற்கிறது. அது 1972-ல் வந்தது.

யார் கட்டியது?

சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை. மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை பணம் கொடுத்தது. 1983-ல் ஆராய்ச்சி தொடங்கியது. மிதவையை வைத்து மேலும் கீழும் ஆட்டி மின்சாரம் எடுக்கும் முறைகளையும் சோதித்துப் பார்த்துவிட்டு, நம் கடலுக்கு 'அலைவுறும் நீர்த்தூண்' (அறைக்குள் ஏறி இறங்கும் நீரால் காற்றைத் தள்ளும்) முறைதான் சரிப்படும் என்று முடிவு செய்தார்கள்.

கட்டிய விதம் இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. கெய்சன் எனப்படும் கான்கிரீட் பெட்டகத்தைக் கரையோரம் வார்த்தார்கள். எடை சுமார் 3,000 டன். அடிப்பகுதி ஏறக்குறைய 23 மீட்டருக்கு 17 மீட்டர், உயரம் 15 மீட்டர். அதை மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போய், 10 மீட்டர் ஆழத்தில் கல் பரப்பித் தயாராக வைத்திருந்த தரையின் மேல் நிறுத்தி, உள்ளறைகளில் மணலை நிரப்பி அமர்த்தினார்கள். இது நடந்தது 1990 டிசம்பரில். அடுத்த ஆண்டு அக்டோபரில் மின்சாரம் வந்தது. பின்னாளில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இதன் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அது 1993-ல்தான் பிறந்த நிறுவனம், அதாவது நிலையத்துக்கு இளையது.

அலையிலிருந்து எப்படி மின்சாரம்? தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுமா?

இல்லை. இங்கே தண்ணீர் டர்பைனைத் தொடவே தொடாது. அதைச் சுற்ற வைப்பது காற்று.

கவிழ்த்து வைத்த ஒரு பெரிய பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் கடலைப் பார்த்து, நீர்மட்டத்துக்குக் கீழே திறந்திருக்கிறது. அலை வரும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறுகிறது, அலை வடியும்போது இறங்குகிறது. தண்ணீருக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றுக்குப் போக ஒரே வழி, உச்சியில் இருக்கும் குறுகலான குழாய். ஏறும்போது காற்று அதன் வழியே வெளியே சீறுகிறது, இறங்கும்போது உள்ளே இழுபடுகிறது. குழாய்க்குள் டர்பைனை வைத்தால் அது சுழலும்.

ஒரு சிக்கல் உண்டு. காற்று சில வினாடிக்கு ஒருமுறை திசை மாறுகிறது. சாதாரண விசிறியாக இருந்தால் முன்னும் பின்னும் சுற்றி, நடுவில் நின்று, ஒன்றுக்கும் உதவாமல் போகும். இதற்கு வழி கண்டவர் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் வெல்ஸ். 1970-களில் அவர் வடிவமைத்த டர்பைனின் இறகு இருபுறமும் ஒரே வளைவு கொண்டது. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும். விழிஞத்தில் முதலில் வைத்தது 2 மீட்டர் விட்டமுள்ள வெல்ஸ் டர்பைன். அதோடு சேர்ந்த மின்னாக்கியின் உச்சத் திறன் 150 கிலோவாட்.

வெல்ஸ் டர்பைனுக்கும் குறை உண்டு. மெதுவான காற்றில் தானாகக் கிளம்பாது, காற்று மிகவும் வேகமாக வந்தால் இறகு பிடிமானத்தை இழந்து திறன் சட்டென்று சரியும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே அதை ஓட்டுவதுதான் அங்கிருந்த பொறியாளர்களின் அன்றாடப் போராட்டம்.

ஒழுங்காக ஓடியதா? எவ்வளவு மின்சாரம் கிடைத்தது?

ஓடியது, கேரள மின்வாரியக் கம்பிக்கும் மின்சாரம் போனது. ஆனால் 150 கிலோவாட் என்பது உச்சம் மட்டுமே. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரி 75 கிலோவாட், டிசம்பர் முதல் மார்ச் வரை 25 கிலோவாட் என்றுதான் திட்டத்திலேயே கணக்குப் போட்டிருந்தார்கள்.

ஏன் இத்தனை ஏற்ற இறக்கம் என்பதைப் புரிந்துகொண்டால் அலை மின்சாரத்தின் முழுத் தலைவலியும் புரிந்துவிடும். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. ஒன்றரை மீட்டர் உயரத்தில் 9 வினாடிக்கு ஒருமுறை வரும் அலை, ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 10 கிலோவாட் சுமந்து வருகிறது. அதுவே 3 மீட்டராக எழுந்தால் 40 கிலோவாட். ஆக, மாசி மாதத்துச் சோம்பல் அலையில் சுற்றும் அளவுக்கு மெல்லியதாகவும், ஆடி மாதத்து அடியைத் தாங்கும் அளவுக்குத் திடமாகவும் ஒரே இயந்திரம் இருந்தாக வேண்டும்.

இன்னொன்று. இரண்டு பெரிய அலைக்கு நடுவே கடல் கொஞ்சம் தணிந்தால், சுற்று வேகம் குறைந்து அந்த ஜெனரேட்டர் தானே மோட்டாராகிவிடும். மின்வாரியக் கம்பியிலிருந்து கரண்டை இழுத்துக்கொண்டு சுற்றும். கொடுக்க வேண்டிய நிலையம் வாங்கிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்யத்தான் 1996 ஏப்ரலில், 2 மீட்டர் டர்பைனை எடுத்துவிட்டு, ஒரு மீட்டர் விட்டமுள்ள இரண்டு சுழலிகள் கொண்ட புது ஏற்பாட்டை வைத்தார்கள். சுற்று வேகம் கூடிக் குறைய இடம் கொடுக்கும் மின்னாக்கி அதில் இருந்தது. பிறகு, காற்றைத் திருப்பிவிடும் துடுப்புகள் கொண்ட வேறு வகை டர்பைனையும் பொருத்திப் பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்த கட்டம் அதற்கும் பிறகு வருகிறது. ஏறி இறங்கும் இந்த மின்சாரத்தைக் கம்பிக்கு அனுப்பித் தொல்லைப்படுவதை விட, வேறு எதற்காவது பயன்படுத்தலாமே என்று யோசித்தார்கள். 2004-ல் அந்த மின்சாரத்தை வைத்தே கடல்நீரைக் குடிநீராக்கினார்கள். நாளொன்றுக்கு 10,000 லிட்டர் அளவுக்கு அமைத்த ஏற்பாடு அது. கரண்ட் கூடிக் குறைந்தாலும் தொட்டியில் சேர்ந்த தண்ணீர் தண்ணீர்தானே. குடிநீருக்குத் தவிக்கும் தீவுகளையும் கடலோர ஊர்களையும் நினைத்தால், இந்த யோசனையின் அருமை தெரியும்.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

இது தொடக்கத்திலிருந்தே சோதனை நிலையம். லாபத்துக்காகக் கட்டியது அல்ல. அதே 1990-களில் மலைக்கு அந்தப் பக்கம், ஆரல்வாய்மொழிக் கணவாயின் முப்பந்தலில், 200, 250 கிலோவாட் காற்றாலைகள் வரிசை வரிசையாக எழுந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு காற்றாலை, 3,000 டன் கான்கிரீட்டைக் கடலில் இறக்கிக் கிடைத்ததை விட அதிகத் திறன் கொண்டது. பழுதானால் ஜீப்பில் போய் இறங்கிப் பழுது பார்க்கலாம். கடலில் இருக்கும் இயந்திரமோ, நிறைய மின்சாரம் கிடைக்கும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக் காலத்தில்தான் கிட்டே நெருங்கவே முடியாதபடி இருக்கும். உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்பதைக் கடலோரத்தில் ஜன்னல் கம்பி வைத்திருக்கும் எல்லோரும் அறிவார்கள்.

கொல்லத்துக்குப் பக்கத்தில் தங்கசேரி அலைத்தடுப்பில் இதே பெட்டகங்களைப் பத்து வரிசையாக வைத்து 1.1 மெகாவாட் எடுக்கும் திட்டமும் அப்போது இருந்தது. அது கட்டப்படவே இல்லை. அடுத்த படி இல்லாத சோதனைக்கு எத்தனை நாள்தான் பணம் வரும்?

உள்ளே போய்ப் பார்க்கலாமா? வள்ளத்தில் கொண்டுபோய் விட ஆள் கிடைக்குமா?

போக வேண்டாம். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் வளைந்து கொடுப்பதே இல்லை.

பொறியாளர்கள் போய்வர அப்போது அலைத்தடுப்பிலிருந்து 45 மீட்டர் நீளத்துக்கு எஃகு நடைபாலம் போட்டிருந்தார்கள். அதில் மிச்சம் என்று எது தெரிந்தாலும் கால் வைக்காதீர்கள். உப்பு தின்ற எஃகு, மேலே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே உதிர்ந்து போயிருக்கும். கான்கிரீட்டும் அப்படித்தான். கடல்நீரின் குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கத்தில் கான்கிரீட் விரிந்து பலகை பலகையாகப் பெயர்ந்து விழும். எந்தப் பலகை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து அந்தக் காற்றறை. மின்சாரம் நின்றுபோனாலும் அறையின் வேலை நிற்கவில்லை. கடல் இருக்கிறவரை உள்ளே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், கிடைத்த துளை வழியாகக் காற்று சீறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு பெரிய அலையில் அந்தத் துளைப் பக்கம் நிற்பவனை அது தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். வாய்ப்பக்கம் நீந்திப் போனால், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே அலை கூடிப் பெருகும். அலையைப் பெருக்குவதற்கென்றே கட்டிய சுவர்கள் அவை.

வள்ளம் வைத்திருப்பவர்களைப் பணம் காட்டிக் கேட்காதீர்கள். ஏதாவது ஆனால் வழக்கும் பழியும் அவர்கள் தலையில்தான் விழும்.

கடல் அமைதியாக இருக்கும் நாளில் கூடவா?

அந்தக் கரையின் அமைதியை நம்பக் கூடாது. அதற்கு ஒரு பெயரே இருக்கிறது: கள்ளக்கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, அண்டார்டிகாவைச் சுற்றிய கடலில் புயல் அடிக்கும். அதில் கிளம்பும் நெடிய அலை சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது. திடீரென்று கடல் திருடனைப் போல ஏறிவரும். கேரள மீனவர்களின் இந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. எங்கள் மாவட்டத்தில் அதை யாரும் மறக்கவில்லை. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அலைத்தடுப்புப் பக்கமே போக வேண்டாம்.

அப்படியானால் எங்கிருந்து, எதைப் பார்ப்பது?

துறைமுகத்தில் மக்கள் நடமாடும் இடத்திலிருந்தே பார்க்கலாம். அலைத்தடுப்பை அங்கே புலிமுட்டு என்பார்கள். அதன் மேல் உங்களை விடுவார்களா என்பது அன்றைய நிலைமையைப் பொறுத்தது. காவலர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். விட்டாலும் நடுவில் மட்டும் நடங்கள், ஓரக் கற்களில் பாசி வழுக்கும். கையில் ஒரு சாதாரண பைனாகுலர் இருந்தால் போதும், அரைமணி நேரம் போவதே தெரியாது.

முதலில் நீர்மட்டத்தைப் பாருங்கள். அலை சுவரில் பட்டு நனைத்து வடியும் பட்டைதான் கட்டடத்தின் நோய் குடியிருக்கும் இடம். எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் கான்கிரீட்டில் துருவுக்கு வேண்டிய ஆக்சிஜன் குறைவு. உயரத்தில் இருப்பதற்கு உப்பு குறைவு. நடுவில் இருக்கும் இந்தப் பட்டைக்கு நீர், உப்பு, காற்று மூன்றும் மாறி மாறிக் கிடைக்கின்றன. சுவரில் பழுப்பு நிறக் கோடுகள் வழிந்திருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, கடலைப் பார்த்த பக்கத்தில் நீட்டியிருக்கும் அந்தப் பக்கச் சுவர்களைத் தேடுங்கள். அலை ஒரே சீராக வருவதில்லை. சில நாள் 7 வினாடிக்கு ஒன்று, சில நாள் 12 வினாடிக்கு ஒன்று. ஒரு தாளத்துக்கு மட்டும் இசைந்து ஆடும் அறையை வைத்தால் மற்ற நாள் வீண். சுவர்களை முன்னால் நீட்டி ஒரு சின்னத் துறைமுகம் போலச் செய்தால், அது இரண்டாவது தாளத்துக்கும் இசைந்து ஆடும். நார்வேயிலும் இந்த யோசனையைச் செய்து பார்த்தார்கள். டஃப்டஸ்டாலன் என்ற இடத்தில் 1985-ல் கட்டிய அந்த நிலையத்தை 1988 டிசம்பர் புயல் பிய்த்து எறிந்தது. விழிஞத்துப் பெட்டகமோ முப்பது ஆண்டுக்கு மேல் பருவமழையை வாங்கிக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறது. இயந்திரம் தோற்றிருக்கலாம். கட்டடப் பொறியாளர்கள் தோற்கவில்லை.

கடைசியாக, அலையை எண்ணுங்கள். ஒரு முகடு வந்து அடுத்த முகடு வரும் வரை எத்தனை வினாடி என்று பத்து அலைக்குப் பாருங்கள். 1983-ல் சென்னையிலிருந்து வந்தவர்கள் செய்த வேலையின் முதல் படி அதுதான்.

எப்போது போகலாம், எப்படிப் போவது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. காலையில் போனால் மீன் ஏலமும் பார்க்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடலின் வேகம் தெரியும், ஆனால் தூரத்தில் நின்றுதான். மழைக்காலத்தில் கூடப் படகு இறக்க ஏதுவான துறை என்பதால், அப்போதுதான் விழிஞத்தில் கூட்டம் அதிகம். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கே வந்து தொழில் செய்வார்கள், குமரி மாவட்டத்தவர் உட்பட.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து பேருந்து உண்டு, பதினாறு பதினேழு கிலோமீட்டர். நம் பக்கமிருந்து போகிறவர்கள் களியக்காவிளை, பூவாறு வழியாகப் போகலாம். போனதோடு, 8-ஆம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயிலையும் பார்த்துவிடுங்கள். ஆய் மன்னர்கள் காலத்துத் துறைமுகம் இது. பாண்டியரும் சோழரும் படையெடுத்து வந்த இடம்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

வேண்டாம். கடலோரக் காவல்படை நிலையம், புதிய சரக்குத் துறைமுகம், கொஞ்சத் தூரத்தில் விமான நிலையம் எல்லாம் இருக்கும் இடம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அனுமதி பார்க்காமல் எடுத்தால் ட்ரோனும் போகும், நாளும் போகும்.

அங்கிருப்பவர்களிடம் விசாரிக்கலாமா?

கட்டாயம் விசாரியுங்கள். 'திரமால' என்றால் மலையாளத்தில் அலை. அந்தச் சொல்லைச் சொல்லி, கடலில் இருக்கும் கட்டடத்தைக் காட்டினால் போதும். நீங்கள் 'சேட்டா' (அண்ணா) என்று கூப்பிட்டதும் வயதானவர்கள் நின்று பேசுவார்கள், தமிழும் பலருக்குப் புரியும்.

ஆனால் கேமராவை முதலில் நீட்டாதீர்கள். 2017-ல் ஒக்கிப் புயலில் ஆட்களைப் பறிகொடுத்த கரை அது. 2022-ல் புதிய துறைமுகத்தால் கரை அரிக்கிறது, தொழில் போகிறது என்று மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. யார் எவர் என்று தெரியாத ஒருவர் படம் எடுத்தால் சந்தேகம் வருவது இயல்பு. வலை பிரித்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர் என்று சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள்.

ஞாபகத்துக்கு ஒரு துண்டு எடுத்து வரலாமா?

கூடாது. அது அரசுச் சொத்து.

பயன்படாமல் நிற்கிறதே, இடித்துவிட்டால் என்ன?

எனக்கு இதில் திடமான கருத்து உண்டு. படகுகளுக்கு இடைஞ்சல் என்று மீனவர்கள் சொன்னால் எடுக்கட்டும், அவர்கள் சொல்தான் முதலில். அப்படி இல்லையென்றால் நிற்கட்டும். எப்படியானாலும் துறைமுகத்துக்குள் ஒரு பலகை வேண்டும். மலையாளத்திலும் தமிழிலும், எந்த ஆண்டு, என்ன செய்தார்கள், என்ன கற்றுக்கொண்டார்கள் என்று நாலு வரி. பக்கத்திலேயே உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கட்டடத்தைப் பாழடைந்த பேய் பங்களா என்று சொல்லிவிட்டுப் போவதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதுபோல் வேறு நாடுகளில் உண்டா?

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 2000-ல் லிம்பெட் என்ற நிலையம் வந்தது, இப்போது இல்லை. போர்ச்சுக்கலின் பிக்கோ தீவு நிலையம் 1999-ல் தொடங்கி, 2018-ல் ஒரு பகுதி இடிந்து முடிவுக்கு வந்தது. ஸ்பெயினில் 'முத்ரிக்கு' (Mutriku) என்ற ஊரின் நிலையம் மட்டும் 2011 முதல் நல்ல பெயர் எடுத்திருக்கிறது: 16 டர்பைன், 296 கிலோவாட். எப்படியும் கட்ட வேண்டிய அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே அறைகளை வைத்ததால் செலவு பகிர்ந்துபோனது. தங்கசேரியில் நாம் யோசித்ததும் அதே வழிதான்.

இந்தியாவில் இந்த முயற்சி முடிந்துவிட்டதா?

இல்லை. 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கரையிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில், சென்னை ஐ.ஐ.டி. 'சிந்துஜா-1' என்ற மிதவைக் கருவியைச் சோதித்தது. 100 வாட் தரும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கடலுக்குள் இருக்கும் அளவீட்டுக் கருவிகளுக்கும் மிதவை விளக்குகளுக்கும் தேவைப்படுவது அந்த அளவுதான்.

பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். எப்படி விளக்குவது?

கிளம்பும் முன் வீட்டிலேயே காட்டிவிடுங்கள். 2 லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து, ஒரு வாளித் தண்ணீரில் நிமிர்த்திப் பிடியுங்கள். கீழே அழுத்தும்போது வாயில் காற்று வரும், தூக்கும்போது உள்ளே இழுக்கும். வாய்க்கு நேரே மெல்லிய காகித நாடா ஒன்றைப் பிடிக்கச் சொன்னால், அது வெளியே பறப்பதும் உள்ளே ஒட்டுவதும் தெரியும். பிறகு அவர்களிடம் கேளுங்கள்: இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறி அடிக்கும் காற்றில், ஒரே பக்கமாகச் சுற்றுகிற விசிறியை நீ எப்படிச் செய்வாய்?